தெருவில் விழுந்த காசு தெருவுக்கே

பாசடேனா பழைய நகரின் வீழ்ச்சியும் மீட்சியும்: அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்

1929ஆம் ஆண்டு அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில், பாசடேனா என்னும் ஊரின் கடைத்தெரு தன் முகத்தைத் தானே வெட்டிக்கொண்டது. ஊரின் முதன்மைச் சாலையான கொலராடோ பூலிவார்டை 28 அடி அகலப்படுத்த நகராட்சி முடிவு செய்தது. பக்கத்துக்கு 14 அடி. செங்கல்லால் எழுந்த இரண்டு மாடி, மூன்று மாடிக் கட்டடங்களின் உரிமையாளர்கள் முன்பக்கத்து 14 அடியை இடித்து அகற்றினார்கள். பிறகு அன்றைய நாகரிகத்துக்கு ஏற்ப ஸ்பானிய பாணியிலோ, ஆர்ட் டெக்கோ பாணியிலோ புது முகப்பு கட்டினார்கள். ஒரு சிலர் மட்டும் பழைய முகப்பையே உள்ளே தள்ளித் திரும்ப எழுப்பினார்கள். இவ்வளவு பாடும் காருக்கு வழி விடுவதற்காக. அடுத்த அறுபது ஆண்டுகள் அந்தத் தெருவுக்கு நேர்ந்த ஒவ்வொரு கேட்டிலும் நன்மையிலும் காருக்குப் பங்கு உண்டு. ஓடும் காரைவிட நிற்கும் காரின் பங்கு பெரிது. இந்த உரை நிற்கும் காரைப் பற்றியது.

பாசடேனா லாஸ் ஏஞ்சலிஸுக்கு வடகிழக்கே, சான் கேப்ரியல் மலையடிவாரத்தில் இருக்கிறது. 1886இல் நகரானது. கிழக்குக் கரையின் பனிக்குளிருக்குத் தப்பி வந்த செல்வர்கள் தங்கும் குளிர்கால ஊராக அது வளர்ந்தது. ஒவ்வொரு புத்தாண்டிலும் உலகமே தொலைக்காட்சியில் பார்க்கும் ரோஜா மலர் ஊர்வலம் இந்தக் கொலராடோ சாலையில்தான் போகிறது. சாலையை அகலப்படுத்திய கையோடு பெருமந்தம் வந்தது. புது முகப்புகளுக்குப் பின்னால் வியாபாரம் படுத்தது. நல்ல கடைகள் கிழக்கு நோக்கி நகர்ந்தன. 1940இல் அரோயோ செக்கோ விரைவுச்சாலை திறந்ததும் லாஸ் ஏஞ்சலிஸுக்குக் காரில் போய்வருவது எளிதானது. போருக்குப் பிறகு புறநகர் மால்கள் முளைத்தன. 1970களில், பழைய நகர் எனப்படும் இந்தக் கடைத்தெருப் பகுதியின் மேல்மாடிகள் பூட்டிக் கிடந்தன. கீழே அடகுக் கடைகளும் மலிவு விடுதிகளும், வாடகை குறைவு என்பதற்காக வந்த ஓவியர்களும் இருந்தார்கள். நகராட்சியின் கண்ணுக்கு அது இடித்துத் தீர்க்க வேண்டிய பகுதி.

இடிக்கவும் தொடங்கினார்கள். 1971ஆம் ஆண்டின் நகர மையத் திட்டம் அதற்கு வழி திறந்தது. பழைய கட்டடங்கள் சிலவற்றை அகற்றிவிட்டுக் கருங்கண்ணாடி போர்த்திய அலுவலகங்கள் எழுந்தன. பழைய நகருக்குச் சற்றுக் கிழக்கே 1980இல் பிளாசா பாசடேனா என்ற மூடிய மால் திறந்தது. அதற்கு 4 கோடியே 10 லட்சம் டாலர் பொதுப்பணம் உதவியாகப் போனது. தெருவுக்கு முதுகைக் காட்டி நின்ற அந்த மாலின் பெருமையே தாராளமான இலவச பார்க்கிங்தான். 1920களில் திட்டமிட்டுப் பாசடேனா ஓர் அழகான குடிமை மையம் அமைத்திருந்தது. நூலகம், நகர மண்டபம், கலையரங்கம் மூன்றையும் கார்ஃபீல்ட் அவென்யூவின் நேர்க்கோட்டில் இணைத்த திட்டம் அது. புது மால் அந்தக் கோட்டின் குறுக்கே உட்கார்ந்துகொண்டது. ஊர் தன் கைப்பணத்தைக் கொடுத்துத் தன் அழகையே மறைத்த கொடுமை என்றுதான் இதைச் சொல்ல வேண்டும்.

மக்கள் எதிர்த்தார்கள். 1977இல் பாசடேனா ஹெரிடேஜ் என்ற குடிமக்கள் அமைப்பு பிறந்தது. 1978இல் பழைய நகருக்கெனத் தனித் திட்டம் வந்தது. 1983இல் அப்பகுதி தேசிய வரலாற்று இடங்களின் பதிவேட்டில் ஏறியது.

இங்கே நின்று கவனிக்க வேண்டும். பதிவேட்டில் பெயர் ஏறினால் கட்டடம் இடிபடாமல் தப்பலாம். அதனாலேயே அதற்குள் ஆட்கள் வந்துவிட மாட்டார்கள். புல்டோசர் நின்ற பிறகும் பழைய நகரின் மாடிகள் காலியாகவே கிடந்தன. காரணம் பாழடைந்த சுவர்களில் மட்டும் இல்லை. நகராட்சியின் கட்டட விதிப் புத்தகத்திலும் இருந்தது.

பல அமெரிக்க நகரங்களின் விதிகளில் குறைந்தபட்ச பார்க்கிங் என்ற ஒரு நிபந்தனை உண்டு. ஒவ்வொரு பயன்பாட்டுக்கும் இத்தனை வண்டி நிறுத்தும் இடம் தர வேண்டும் என்று அது சொல்லும். ஒஹாயோ மாநிலத்தின் கொலம்பஸ் நகரம் 1923இல் அடுக்ககங்களுக்கு விதித்தது தொடக்கம். போருக்குப் பிறகு நாடெங்கும் பரவிவிட்டது. உணவகத்துக்கு ஆயிரம் சதுர அடிக்குப் பத்து இடம் என்பது பல ஊர்களில் சாதாரணம். ஒரு கார் நிற்க, அது வந்து திரும்பும் வழியையும் சேர்த்தால், ஏறத்தாழ 300 சதுர அடி வேண்டும். கணக்கைப் போட்டுப் பாருங்கள். சாப்பிடுகிறவர்களுக்கு ஆயிரம் சதுர அடி, அவர்கள் வந்த கார்களுக்கு மூவாயிரம்.

புறநகரில் வயலை வாங்கி மால் கட்டுகிறவர் இந்த விதியைக் கண்ணை மூடிக்கொண்டு நிறைவேற்றிவிடலாம். 1890களில் கட்டிய செங்கல் கட்டடம் என்ன செய்யும்? அது மனையின் ஓரம் வரை நிற்கிறது. பக்கத்துச் சுவர் பக்கத்து வீட்டுக்காரரின் சுவர். பழைய மரச்சாமான் கடையாகவே கிடந்தால் கேள்வி இல்லை. அதை உணவகமாக மாற்ற விண்ணப்பித்தால் உடனே புதிய விதி பாய்கிறது. எத்தனை பார்க்கிங் இடம் காட்டுவீர்கள் என்று அதிகாரி கேட்பார். காட்ட ஒரே வழிதான் உண்டு: பக்கத்தில் இருக்கும் இன்னொரு பழைய கட்டடத்தை வாங்கி இடித்துத் தார் போட வேண்டும். ஒரு கட்டடத்தைப் பிழைக்க வைக்க இன்னொன்றைக் கொல்லச் சொல்லும் விதி இது. அமெரிக்க நகர மையங்கள் பலவற்றின் பழைய வான்படங்களையும் புதிய வான்படங்களையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால், பல் விழுந்த வாயைப் போலத் தெருவெங்கும் தார்த்திடல்கள் தெரியும். குண்டு விழுந்து உண்டானவை அல்ல அவை. விதிக்குப் பணிந்தும், நிறுத்தக் கட்டணத்தின் வருமானத்துக்காகவும் அமைதியான காலத்தில் இடித்தவை.

பாசடேனா 1980களில் இதற்கு ஒரு மாற்று கண்டது. மனைக்குள் இடம் காட்ட முடியாத உரிமையாளர், நகராட்சியின் பொது நிறுத்தக் கட்டடங்களில் உள்ள இடங்களைத் தன் கணக்கில் காட்டலாம். அதற்கு ஆண்டுக்கட்டணம் கட்டினால் போதும். 2001இல் ஓர் இடத்துக்கு ஆண்டுக்கு 115 டாலர்தான். பல மாடி நிறுத்தத்தில் ஓர் இடத்தைக் கட்டிமுடிக்க ஆயிரக்கணக்கான டாலர் ஆகும் நாட்டில் இது பெயரளவுக் கட்டணம். இதில் பணத்தைவிடப் பெரிய லாபம் ஒன்று இருக்கிறது. பகலில் அலுவலகக்காரர் நிறுத்திய அதே இடம் மாலையில் உணவகத்துக்கு வருகிறவருக்குக் கிடைக்கிறது. தனித்தனியாகக் கட்டியிருந்தால் பகலில் ஒன்றும் இரவில் மற்றொன்றும் வெறிச்சோடிக் கிடந்திருக்கும்.

அடுத்தது தெருவோரம். பழைய நகரில் 1993 வரை மீட்டர் கிடையாது. இரண்டு மணி நேரம் வரை இலவசமாக நிறுத்தலாம் என்பது விதி. வாடிக்கையாளருக்காக ஏற்படுத்திய சலுகையை அனுபவித்தவர்கள் கடை ஊழியர்களும் முதலாளிகளும்தான். காலையில் முதலில் வருகிறவர்கள் அவர்கள். வாசலிலேயே காரை நிறுத்துவார்கள். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை வெளியே வந்து சில அடி நகர்த்தி வைப்பார்கள். பொருள் வாங்க வந்தவர் இடம் தேடிச் சுற்றிவிட்டு மாலுக்குப் போய்விடுவார்.

மீட்டர் வைக்கலாம் என்று நகராட்சி சொன்னபோது கடைக்காரர்கள் கொதித்தார்கள். இருக்கிற நாலு வாடிக்கையாளரும் இலவச பார்க்கிங் உள்ள மாலுக்கு ஓடிவிடுவார்கள் என்றார்கள். அவர்கள் அச்சத்தைக் குறை சொல்ல முடியாது. பத்தாண்டுகளாக அந்த மால் தங்களை விழுங்குவதைக் கண்ணால் பார்த்தவர்கள். வாக்குவாதம் இரண்டு ஆண்டு நடந்தது. முடிவில் நகராட்சி ஒரு வாக்குக் கொடுத்தது: மீட்டரில் சேரும் பணத்தில் செலவு போக மிஞ்சியது முழுவதும் பழைய நகருக்கே செலவாகும், நகரின் பொதுக் கணக்கில் கலக்காது. எதில் செலவிடுவது என்று பரிந்துரைக்கும் குழுவில் அந்தத் தெருவின் வணிகர்களும் உரிமையாளர்களும் இருப்பார்கள்.

எதிர்ப்பு அடங்கியது. அடங்கியது மட்டுமல்ல, ஆதரவாகவே மாறியது. ஞாயிற்றுக்கிழமையும் இரவிலும் மீட்டர் ஓடட்டும் என்பதற்குக் கடைக்காரர்களே இசைந்தார்கள். தங்கள் வாசல் விளக்கு எரியப்போவது அந்தக் காசில் என்று தெரிந்த பிறகு கணக்கு வேறாகிவிட்டது அல்லவா? உலகின் முதல் பார்க்கிங் மீட்டர் 1935 ஜூலையில் ஓக்லஹோமா சிட்டியில் மணிக்கு ஐந்து சென்ட் வாங்கிக்கொண்டு நின்றது. அன்று முதல் எத்தனையோ ஊர்களில் மீட்டருக்குச் சண்டை நடந்திருக்கிறது. அந்தப் பணம் எங்கே போகிறது என்ற கேள்வியைத் தெருக்காரர்களிடம் வைத்து உடன்பாடு கண்டதுதான் பாசடேனாவின் தனிச்சிறப்பு.

1993இல் மணிக்கு ஒரு டாலர் என்று மீட்டர்கள் வந்தன. வரப்போகும் வருமானத்தை ஈடாகக் காட்டி நகராட்சி 50 லட்சம் டாலர் கடன் எடுத்தது. அதில் நடைபாதைகளைச் சீரமைத்தார்கள், மரம் நட்டார்கள், தெருவிளக்கும் இருக்கைகளும் வைத்தார்கள். குப்பையும் துர்நாற்றமுமாகக் கிடந்த பின்சந்துகளை நடக்கவும் உட்கார்ந்து சாப்பிடவும் ஏற்ற வழிகளாக மாற்றினார்கள். நாள்தோறும் நடைபாதை கூட்டவும், மாதம் இருமுறை கழுவவும், கூடுதல் காவலர் நடந்து சுற்றவும் மீட்டர் பணமே உதவியது. 2001இல் அங்கிருந்த 690 மீட்டர்கள் செலவு போக ஏறத்தாழ 12 லட்சம் டாலர் ஈட்டின. உங்கள் காசு இந்தத் தெருவில் என்ன வேலை செய்கிறது என்று மீட்டரிலேயே எழுதியும் ஒட்டினார்கள்.

விற்பனை வரி வேகமாக ஏறியது. காசு கொடுத்து நிறுத்த வேண்டிய பழைய நகரின் வசூல், இலவசமாக நிறுத்தக்கூடிய பிளாசா பாசடேனாவின் வசூலை முந்தியது. மால்தான் தளர்ந்து மூடியது. அதை இடித்துவிட்டு, தெருவைப் பார்த்த கடைகளும் மேலே குடியிருப்புகளுமாக 2001இல் பாசியோ கொலராடோ என்ற புதிய வளாகம் திறந்தார்கள். கார்ஃபீல்ட் கோடு மீண்டும் நடைவழியாகத் திறந்து, நூலகத்துக்கும் கலையரங்கத்துக்கும் இடையே பார்வை கிடைத்தது. இந்த இடித்துக்கட்டும் வேலைக்கும் 2 கோடியே 60 லட்சம் டாலர் பொது உதவி போயிற்று. கட்டுவதற்கு ஒருமுறை, தவறைத் திருத்த ஒருமுறை என்று ஊர் இரண்டுமுறை பணம் கொடுத்தது.

இந்தக் கதையை உலகறியச் செய்தவர் டொனால்ட் ஷூப். லாஸ் ஏஞ்சலிஸ் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் பேராசிரியர், பொருளியல் படித்தவர், பார்க்கிங் என்ற ஒரே பொருளை நாற்பதாண்டுக்கு மேல் ஆராய்ந்தவர். இலவச பார்க்கிங்கின் உண்மை விலையைப் பற்றி அவர் எழுதிய பெரிய நூல் 2005இல் வெளிவந்தது. 2025 பிப்ரவரியில் மறைந்தார். ஒரு தெருவில் எட்டில் ஓர் இடமாவது எப்போதும் காலியாக இருக்கும்படி கட்டணத்தை ஏற்றி இறக்க வேண்டும். அந்தப் பணம் அதே தெருவுக்குத் திரும்ப வேண்டும். குறைந்தபட்ச பார்க்கிங் விதியை எடுத்துவிட வேண்டும். அவர் வாழ்நாள் முழுதும் சொன்னவை இந்த மூன்று. பாசடேனாவில் இந்த மூன்றும் முழுமையாக இல்லாவிட்டாலும் அவற்றின் உருவம் இருந்தது.

ஷூப்பும் அவர் மாணவர் டக்ளஸ் கொலோஸ்வாரியும் 2003இல் வெளியிட்ட கட்டுரையில், தங்கள் பல்கலைக்கழகத்தை ஒட்டிய வெஸ்ட்வுட் வில்லேஜைப் பாசடேனாவுக்கு எதிரில் நிறுத்தினார்கள். 1980களில் தெற்குக் கலிபோர்னியாவின் இளைஞர்கள் கூடிய இடம் வெஸ்ட்வுட். அழகிய கட்டடங்கள், திரையரங்குகள், வாசலிலேயே பெரிய பல்கலைக்கழகம். அங்கும் மீட்டர் இருந்தது. பணம் லாஸ் ஏஞ்சலிஸின் பொதுக் கணக்குக்குப் போனது. நடைபாதை உடைந்தால் கேட்பாரில்லை. வியாபாரம் சரியத் தொடங்கியதும் கடைக்காரர்கள் மீட்டரைக் குறை சொன்னார்கள். 1994இல் கட்டணத்தைப் பாதியாக, மணிக்கு 50 சென்டாகக் குறைத்தார்கள். சரிவு நிற்கவில்லை. பழைய நகரின் தெருவோர இடங்களில் சராசரியாக 83 விழுக்காடு நிறைந்திருந்தது. வருகிறவருக்கு ஓர் இடம் எப்போதும் கிடைத்தது. வெஸ்ட்வுட்டிலோ மலிவான தெருவோர இடத்துக்காகக் கார்கள் சுற்றிக்கொண்டே இருந்தன. அங்குள்ள 15 தெருப் பகுதிகளில் மட்டும், இடம் தேடி ஓடிய வீண் ஓட்டம் ஆண்டுக்கு ஒன்பதரை லட்சம் மைல் என்று ஷூப் கணக்கிட்டார். பூமியை 38 முறை சுற்றிவரும் தூரம்.

வெஸ்ட்வுட்டின் வீழ்ச்சிக்கு மீட்டரை மட்டும் காரணமாக்கினால் நேர்மை ஆகாது. 1988 தொடக்கத்தில் அந்தத் தெருவில் குழுச்சண்டையில் பாய்ந்த குண்டு வழிப்போக்கரான ஓர் இளம்பெண்ணைக் கொன்றது. அந்த அச்சம் கூட்டத்தைக் கலைத்தது. பாசடேனாவின் மீட்சியையும் அப்படியே பார்க்க வேண்டும். மீட்டர் வருவதற்கு முன்பே, 1992இல், ஒன் கொலராடோ என்ற திட்டத்தில் ஒரு முழுத் தெருப்பகுதியின் 17 பழைய கட்டடங்களைப் புதுப்பித்து நடுவே முற்றம் அமைத்துத் திரையரங்கும் கடைகளும் கொண்டுவந்திருந்தார்கள். குடிமக்கள் பதினைந்தாண்டு போராடிக் காப்பாற்றிய கட்டடங்கள் இல்லையென்றால் மீட்டர் எந்தத் தெருவைச் செழிக்க வைத்திருக்கும்? உயிர் இருந்த இடத்தில்தான் மீட்டர் வேலை செய்தது. ஆனால் இத்தனையும் செய்துவிட்டு நடைபாதை நாறிக்கொண்டிருந்தால் கூட்டம் நிலைத்திருக்காது என்பதும் உண்மை.

இழப்பும் உண்டு. செழிப்பு வந்ததும் வாடகை ஏறியது. பாழடைந்த காலத்தில் தெருவுக்கு உயிர் கொடுத்த ஓவியர்களும் பழம்பொருள் கடைக்காரர்களும் வெளியேறினார்கள். நாடெங்கும் கிளை வைத்திருக்கும் நிறுவனங்கள் அவர்கள் இடத்துக்கு வந்தன. மீட்டர்ப் பணத்தைத் தெருவுக்குத் திருப்பிய ஏற்பாடு நிலவுரிமையாளருக்கு முதல் பயன் தந்தது. வாடகைக்கு இருந்தவருக்கு எந்தக் காப்பும் தரவில்லை. இந்த வழியைப் பின்பற்ற நினைக்கும் எந்த ஊரும் சிறுகடைக்கும் சிறுவாடகைக்கும் அந்தப் பணத்தில் ஒரு பங்கை முதலிலேயே ஒதுக்கிவிட வேண்டும். பிறகு ஒதுக்கலாம் என்றால் அதற்குள் அவர்கள் போயிருப்பார்கள்.

2003 ஜூலையில் லாஸ் ஏஞ்சலிஸின் கோல்டு லைன் ரயில் வந்தது. பழைய நகருக்கு வடபுறம் மெமோரியல் பார்க் நிலையம். தென்புறம் டெல் மார் நிலையம். டெல் மாரில் 1935இல் கட்டிய சான்டா ஃபே ரயில் நிலையக் கட்டடத்தைக் காப்பாற்றி, அதைச் சுற்றி அடுக்ககங்கள் எழுப்பினார்கள். காரை ஓர் இடத்தில் ஒரே முறை நிறுத்திவிட்டோ, கார் இல்லாமலே ரயிலில் வந்தோ நடந்து திரியும் ஊராக அது மாறியது. கொலராடோ சாலையின் சில சந்திப்புகளில் எல்லாப் பக்கமும் வண்டிகளை நிறுத்தி, நடப்பவர்களை மூலைக்கு மூலை குறுக்காகக் கடக்க விடுகிறார்கள். 1929இல் கார் எடுத்துக்கொண்ட 28 அடியை, சில நொடிகளுக்காவது கால்கள் திரும்பப் பெறும் ஏற்பாடு.

கலிபோர்னியா முழுவதற்கும் 2023 ஜனவரி முதல் ஒரு சட்டம் நடைமுறையில் இருக்கிறது. முக்கியப் பொதுப் போக்குவரத்து நிலையத்திலிருந்து அரை மைலுக்குள் கட்டும் பெரும்பாலான கட்டடங்களுக்கு நகராட்சிகள் குறைந்தபட்ச பார்க்கிங் விதிக்கக் கூடாது என்கிறது அது. ஒரு காலத்தில் பேராசிரியர் ஒருவரின் விந்தையான பிடிவாதமாகத் தெரிந்தது மாநிலச் சட்டமாகிவிட்டது.

பழைய நகரின் மேற்கு ஓரத்தில் ஒரு பெரும் பள்ளம் இருக்கிறது. 710ஆம் எண் விரைவுச்சாலையை வடக்கே நீட்டுவதற்காக 1960, 70களில் தோண்டியது. அதற்காக ஆயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகளை அகற்றினார்கள். அங்கே வாழ்ந்தவர்களில் பலர் கறுப்பின, மெக்சிகோ வம்சாவளி, ஜப்பானிய வம்சாவளிக் குடும்பங்கள். பக்கத்து ஊரான சவுத் பாசடேனா பல பத்தாண்டுகள் வழக்காடித் தடுத்ததால் சாலை கடைசி வரை இணையவில்லை. சுரங்கமாகவாவது கொண்டுபோகலாம் என்ற யோசனையையும் 2017இல் லாஸ் ஏஞ்சலிஸ் மெட்ரோ நிர்வாகம் கைவிட்டது. வீடுகள் போயின, சாலையும் வரவில்லை. 2022இல் மாநிலம் அந்த நிலத்தை, ஏறத்தாழ 50 ஏக்கரை, பாசடேனாவிடம் திருப்பிக் கொடுத்தது. எத்தனை வீடு கட்டுவது, அறுந்த குறுக்குத் தெருக்களை எங்கே சேர்ப்பது, கார்களுக்கு எவ்வளவு விடுவது என்று ஆராய ஓர் ஆலோசனைக் குழு அமைத்திருக்கிறார்கள்.

மீட்டர்ப் பணத்தைப் பற்றிப் பேசியபோது கடை வைத்திருந்தவர்கள் மேசைக்கு எதிரே வந்து உட்கார்ந்தார்கள், இரண்டு ஆண்டு வாதாடினார்கள், கேட்டதைப் பெற்றார்கள். பள்ளத்தில் வீடு இழந்தவர்கள் அந்த ஊரிலேயே இல்லை. அரை நூற்றாண்டாகப் பல ஊர்களில் சிதறிக் கிடக்கிறார்கள், பலர் இறந்தும்விட்டார்கள். வரைபடத்தில் முதல் கோடு விழுவதற்கு முன் அந்தக் குடும்பங்களைப் பெயர் பெயராகத் தேட வேண்டும். பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் எங்கிருக்கிறார்கள் என்று கண்டுபிடித்து, புதிய வீடுகளில் முதல் உரிமையும், நில வருமானத்தில் பங்கும் அவர்களுக்கு உண்டா இல்லையா என்பதை எழுத்தில் முடிவு செய்ய வேண்டும். பாசடேனா நகர மன்றத்தின் முன் இன்று இருக்கும் வேலை அது.